அரவேணுவில் இறங்குங்க பாஸ்!

செமஸ்டர் எக்ஸாம் முடியறதுக்குள்ளேயே ஹாஸ்டலில் ஒரு காய்ச்சல் பரவும். பேரு, டிரிப் காய்ச்சல்! எங்க ஃப்ளோர்ல இந்த வருஷம் அது கொஞ்சம் ஓவர். ஒரு குரூப் 'அந்தமான்'னு கத்துது, இன்னொரு குரூப் 'இலங்கை... ரோடு டிரிப்... யானை, அருவி, டீ எஸ்டேட்'னு கண்ணை மூடிக் கனவு காணுது. கால்குலேட்டரைத் தட்டினதும் ரெண்டு குரூப்பும் கப்சிப். விமான டிக்கெட் விலையில மூணு மாச மெஸ் பில் கட்டலாம்!

அப்பதான் எங்க கிளாஸ் அரவேணுக்காரன் வாயைத் திறந்தான். "தீவுன்னா சுத்தி கடல்தான் இருக்கணுமா மச்சி? எங்க ஊரும் தீவுதான். சுத்தி வெயில் இருக்கு!"

சும்மா கலாய்க்கிறான்னு நினைச்சோம். ஆனா மேட்டர் நிஜம். உயிரியல் ஆளுங்க நீலகிரி மாதிரி மலைகளுக்கு வெச்சிருக்கிற பேரே 'வானத் தீவு'!

அதென்ன வானத் தீவு?

மேலே குளிர், ஈரம், சோலைக்காடு. கீழே நாலு பக்கமும் சூடான சமவெளி. உச்சியில் வாழப் பழகின ஒரு குட்டிப் பறவைக்குக் கீழே இறங்கி அடுத்த மலைக்குப் போறதுங்கிறது, நமக்கு நீச்சலடிச்சு அந்தமான் போற மாதிரி. அதனால அது அங்கேயே தங்கிடும். பல லட்சம் வருஷம் தனியா இருந்தா, தனி இனமாவே மாறிடும்.

நீலகிரிக்கும் தெற்கே இருக்கிற ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவுல பாலக்காட்டுக் கணவாய். சும்மா 30 கிலோமீட்டர் சொச்சம் அகலம்தான். ஆனா அந்தப் பள்ளம் ஒரு கடல் மாதிரி வேலை செஞ்சிருக்கு. சோலைக்காட்டுத் தரையில் தத்தித் தத்தி நடக்கிற நீல நிறக் குட்டிப் பறவை ஒண்ணு இருக்கு. நீலகிரியில் இருக்கிறது ஒரு இனம், கொடைக்கானல் பக்கம் இருக்கிறது வேற இனம். 2017-ல் விஞ்ஞானிகள் இந்தப் பறவைகளுக்குத் தனிப் பேரினமே உருவாக்கி 'ஷோலிகோலா'ன்னு பேர் வெச்சாங்க. அதில் வர்ற 'ஷோலா' வேற எதுவும் இல்லை, நம்ம 'சோலை'தான்! லத்தீன் பேருக்குள்ள தமிழ் உட்கார்ந்திருக்கு. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஆக, தீவு ரெடி. ஊட்டி போட் ஹவுஸ் கூட்டத்துல போய் நசுங்க வேண்டாம்னு முடிவு பண்ணி, அரவேணுவை மையமா வெச்சு மூணு நாள், ரெண்டு ராத்திரி பிளான் போட்டோம். அதை அப்படியே உங்களுக்கும் தர்றோம்.

முதல் நாள்: 33 கிலோமீட்டர் ஏ.சி.!

சென்னை மக்கள் நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா, காலையில மேட்டுப்பாளையம். மத்தவங்க கோயமுத்தூர் வந்து பஸ் பிடிச்சிடுங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ரெண்டு ரோடு. எல்லாரும் ஏறுறது பர்லியார் வழியா குன்னூர் ரோடு. நம்ம ரூட் இன்னொண்ணு: குஞ்சப்பனை வழியா கோத்தகிரி. சுமார் 33 கிலோமீட்டர்.

சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டு பஸ்லேயே கணக்குப் போட்டான். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். கோத்தகிரி 1,793 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை 33 கிலோமீட்டர்ல ஏறுது ரோடு. சராசரியா 22 மீட்டர் போனா ஒரு மீட்டர் உயரம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறையும்ங்கிறது ஃபிசிக்ஸ் கணக்கு. அதாவது, கீழே வேர்த்து ஊத்தின சட்டைக்கு மேல, மேலே போனதும் ஸ்வெட்டர் மாட்டணும். டிக்கெட் காசுக்கு ஏ.சி. ஃப்ரீ!

குஞ்சப்பனை ஏரியா வந்ததும் போனை உள்ளே வெச்சுட்டு ஜன்னல் வழியா பாருங்க. இங்கே பலா மரங்கள் நிறைய. சீசன்ல பழ வாசனை பிடிச்சு யானைங்க ரோட்டுக்கே வந்துடும். பஸ் நின்னா நிக்கட்டும். டிரைவர் அண்ணனுக்கு அந்த ஊர் யானையைப் பத்தி நம்மளைவிட நல்லாத் தெரியும். இறங்கி செல்ஃபி எடுக்கப் போறேன்னு கிளம்புற ஃப்ரெண்டை மட்டும் சீட்டோட சேர்த்துக் கட்டிப் போடுங்க.

மாமரம், முள்ளூர்னு ஊர்கள் தாண்டி, கோத்தகிரிக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி வருது அரவேணு. ஒரு பஸ் ஸ்டாப், கடைவீதி, சுத்தி தேயிலைச் சரிவுகள், சரிவுல படுகர் ஹட்டிகள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பஸ்ஸுக்குள்ள தூங்கிக்கிட்டே தாண்டிப் போற ஊர். நாம இறங்கறோம்!

முதல்ல ஒரு டீ, கூட ஒரு வர்க்கி. மொறுமொறுன்னு அடுக்கடுக்கா வர்ற இந்த ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. டீயில முக்கினா ஒரு செகண்ட்தான் டைம், அதுக்குள்ள வாயில போடணும். இல்லைன்னா டம்ளருக்குள்ள தேடணும்.

பாதி அருவி... முழு அருவி!

அரவேணுவில் பிரியற வழியில் போனா கேத்தரின் அருவி. சுமார் 250 அடி உயரம். கோத்தகிரியில் காப்பி பயிரிட்ட எம்.டி. காக்பர்ன் என்கிற வெள்ளைக்காரரோட மனைவி பேர்தான் கேத்தரின். உள்ளூர்ப் பேர் 'கெத்தேஹாட ஹள்ளா'. சொல்லிப் பாருங்க, நாக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டுட்டு வரும்.

இங்கே ஒரு விஷயம் பிளான்லேயே குறிச்சு வெச்சுக்கங்க. அருவிக்குக் கிட்ட போனா முழு அருவி தெரியாது. தலைப்பகுதியும் சத்தமும்தான் கிடைக்கும். முழு உருவம் தெரியணும்னா பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம், குன்னூர் டால்ஃபின்ஸ் நோஸுக்குப் போகணும். அதை மூணாவது நாளுக்கு வெச்சோம். அவசரப்பட்டு இங்கேயே 'நல்ல ஆங்கிள்' தேடி பாறை மேல ஏறாதீங்க. பாசி பிடிச்ச பாறைக்கு நம்ம ஷூ எந்த பிராண்டுன்னு தெரியாது.

ஒரு கிலோ டீக்கு நாலு கிலோ இலை

சாயங்காலம் அரவேணுக்காரன் வீட்டுல சாப்பாடு. அவரை உதக்கவும் எண்ணெஹிட்டும். முதலாவது, அவரைக்கொட்டைக் குழம்பு. ரெண்டாவது, எண்ணெயில பொரிச்ச இனிப்புப் பலகாரம். அவங்க பாட்டி, "தம்பிகளா, கூச்சப்படாம சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டே போட்டாங்க. நாங்க கூச்சப்படற ஜாதியா?

சாப்பிட்டதும் தோட்டத்தைச் சுத்திக் காட்டினான். தோட்டம்னா சினிமாவுல வர்ற எஸ்டேட் இல்லை. ரெண்டு ஏக்கருக்கும் குறைவு. நீலகிரியில் இவங்களை மாதிரி சிறு விவசாயிகள்தான் ஆயிரக்கணக்கில். பறிச்ச இலையை அன்னிக்கே பேக்டரிக்கு அனுப்பியாகணும், வெச்சிருக்க முடியாது. அங்கே இலையை வாட வெச்சு, மெஷின்ல நசுக்கிக் கிழிச்சு உருட்டி, காத்துல நிறம் மாற விட்டு, சூட்டுல உலர்த்தி, சலிச்சா நம்ம கிளாஸுக்கு வர்ற டீத்தூள். நாலு கிலோவுக்கு மேல பச்சை இலை போட்டாத்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

"இலைக்கு என்ன ரேட்டுடா?"ன்னு கேட்டோம்.

"ரேட்டை நாங்க சொல்ல முடியாது மச்சி, அது ஏலத்தைப் பொறுத்தது. ஏறினா என் ஃபீஸை அப்பா மொத்தமா கட்டுவார். இறங்கினா ரெண்டு தவணை. ஃபைன் கட்டின செமஸ்டரும் இருக்கு" என்றான் சாதாரணமா.

நாலு செமஸ்டரா பக்கத்து பெஞ்ச். ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை அவன்.

2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு இங்கே விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தது ஞாபகம் வந்தது. அன்னிக்கு அது எங்களுக்கு வெறும் செய்தி. இப்போ அந்தச் செய்திக்கு ஒரு வீடும், வாசலில் காயுற ஸ்வெட்டரும், கையில காய்ப்புக் காய்ச்ச ஒரு அம்மாவும் இருக்காங்க. ஊருக்குத் திரும்பும்போது பரிசுப் பொருள் எதுவும் வாங்கலை நாங்க. சிறு விவசாயிகளோட கூட்டுறவுத் தொழிற்சாலைகள் சேர்ந்த இண்ட்கோசர்வ் கடையில ஆளுக்கு அரைக் கிலோ டீத்தூள். அம்மாக்கள் அத்தனை பேரும் ஹேப்பி!

ரெண்டாம் நாள் காலை: சத்தம் போடாதே!

விடியற்காலையில் லாங்வுட் சோலை. கோத்தகிரி டவுனுக்குப் பக்கத்துலேயே 116 ஹெக்டேர் காடு. காப்புக்காடுங்கிறதால வனத்துறை அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ளே போகணும். முதல் நாளே அந்த வேலையை முடிச்சுடுங்க.

வெளியே வெயில் எட்டிப் பார்க்குது. உள்ளே நுழைஞ்சா யாரோ லைட்டை டிம் பண்ணின மாதிரி இருட்டு. மரமெல்லாம் குட்டை, உடம்பு பூரா பாசி. கால் வெச்சா மெத்துனு இருக்கு. அந்த மெத்துதான் மேட்டர். மழை பெய்யும்போது தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு, மழை இல்லாத மாசங்கள்ல சொட்டுச் சொட்டா விடும் சோலை. சுத்தி இருக்கிற பல கிராமங்களுக்கு இந்தக் காடுதான் தண்ணித் தொட்டி. மோட்டார் கிடையாது, கரன்ட் பில் கிடையாது!

விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தேய்ஞ்சுபோயிருந்த காடு இது. உள்ளூர் மக்கள் கண்காணிப்புக் குழு அமைச்சு, வனத்துறையோட சேர்ந்து மீட்டெடுத்தாங்க. பலன், 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமா ராம்சர் பட்டியலில் இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழற 26 பறவை இனங்கள்ல 14 இந்தக் குட்டிக் காட்டுக்குள்ள இருக்கு. எம்.எல்.ஏ. சீட்டுக்குக்கூட இவ்வளவு போட்டி இருக்காது!

எங்க கேங்ல ஒருத்தன் புளூடூத் ஸ்பீக்கர் இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டான். "ஒரே ஒரு பாட்டு மச்சி, சின்ன சவுண்டு"ன்னு ஆரம்பிச்சான். அரவேணுக்காரன் உதட்டுல விரலை வெச்சான். ரெண்டு நிமிஷம் எல்லாரும் அப்படியே நின்னோம். முதல்ல ஒண்ணுமே கேட்கலை. அப்புறம் எங்கேயோ தண்ணி. அப்புறம் புதருக்குள்ள யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஒரு குரல். நீலகிரிச் சிரிப்பான்! இந்த மலையில மட்டுமே இருக்கிற பறவை. ஸ்பீக்கர் பார்ட்டி அதுக்கப்புறம் மூச்சு விடலை. ரூமுக்கு வந்து, "திரும்ப ஒரு தடவை போலாமா?"ன்னு முதல்ல கேட்டதும் அவன்தான்.

ரெண்டாம் நாள் பகல்: கொடநாடு காட்சிமுனை

செய்திகள்ல அடிபடற கொடநாடு எஸ்டேட்டைத் தேடி வராதீங்க. அதைவிட சூப்பரான ஒண்ணு ரோட்டின் முடிவில் இருக்கு. கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். மதியத்துக்குள்ள போயிடுங்க. லேட்டானா மேகம் வந்து ஷட்டரை இழுத்து மூடிடும்.

எட்டிப் பார்த்தா வயித்துக்குள்ள ஒரு ஜில். அத்தனை உயரம் அப்படியே செங்குத்தா இறங்குது. கீழே பச்சைக் கோடா மாயாறு. பக்கத்துல கட்டம் போட்ட கர்ச்சீப் மாதிரி வயல்களோட ஒரு கிராமம், தெங்குமரஹடா. நீலகிரி மாவட்டத்து ஊர். ஆனா பவானிசாகர் போய், அங்கிருந்து காட்டுக்குள்ள போய், ஆத்தைத் தாண்டித்தான் போக முடியும். மழையில் ஆறு பெருகினா ஊருக்கும் வெளி உலகுக்கும் தொடர்பு கட். இதுவும் ஒரு தீவுதான்!

இந்தப் பள்ளத்தாக்கு பாறு கழுகுகளோட வீடு. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் வலி மருந்தால நாடு முழுக்க அழிஞ்சுபோன கழுகினம், தமிழ்நாட்டில் இன்னமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற இடம் மாயாறு பக்கம்தான். கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தது. வானத்தில் பெரிய இறக்கை ஒண்ணு ஆடாம அசையாம வட்டம் அடிச்சா, பைனாகுலர் வெச்சிருக்கிற ஃப்ரெண்டோட சண்டை போடாம வரிசையில நின்னு பாருங்க.

சாயங்காலம் கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்கு. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி வந்தப்போ தங்கின இடம், இப்போ நினைவகம். அப்போ மேட்டுப்பாளையம் ரோடெல்லாம் கிடையாது. சல்லிவன் கிளம்பின தண்ணாயக்கன்கோட்டை இன்னிக்கு பவானிசாகர் அணைத் தண்ணிக்குள்ள கிடக்கு. அப்புறம் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கம் திம்பட்டி வரைக்கும் போட்ட பாதைதான் இந்த மலைக்கு அவங்க போட்ட முதல் பாதை. ஊட்டி எல்லாம் அப்புறம் வந்த ஜூனியர், கோத்தகிரிதான் சீனியர்! அந்த சீனியருக்கும் முன்னாடியே இங்கே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாரும் வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க. 'கண்டுபிடிச்சார்'னு யாராவது சொன்னா, 'எதை?'ன்னு திருப்பிக் கேளுங்க.

மூணாம் நாள்: பாக்கி அருவி

கோத்தகிரி டூ குன்னூர் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் 10 கிலோமீட்டர் போனா டால்ஃபின்ஸ் நோஸ். எதிர் மலையில் வெள்ளை நூல் மாதிரி மேலிருந்து கீழ் வரை விழுது, முதல் நாள் நாங்க பாதி பார்த்த அதே கேத்தரின். நம்ம அரவேணுக்காரன் அந்த மலையைக் காட்டி, "அதோ, அந்த மேட்டுக்குப் பின்னாடிதான் எங்க வீடு"ன்னான். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த ஒரு ஃபேமிலி மொத்தமும் திரும்பி, அவன் கை காட்டின பக்கமே பார்த்துச்சு!

எப்போ போகக் கூடாது?

எப்போ போகலாம்ங்கிறதைவிட இது முக்கியம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் மலையின் கிழக்குச் சரிவு. அதனால வடகிழக்குப் பருவமழையில் வாங்கிக் கட்டிக்கும். 2009 நவம்பர் 10 அன்னிக்கு கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஒரு வருஷத்துல பெய்யறதில் பாதிக்கும் மேல! அந்த வார நிலச்சரிவுகள்ல மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அக்டோபர், நவம்பர்ல கனமழை எச்சரிக்கை வந்தா, புக் பண்ணின ரூம் காசு போனாலும் பரவாயில்லைன்னு டிரிப்பைத் தள்ளிப் போடுங்க. ஜனவரி பெஸ்ட். அருவியில தண்ணி இருக்கும், கொடநாட்டுல மேகம் குறைவு. ஏப்ரல், மே-யில கூட்டம். அப்போ போலீஸ் ஒருவழிப் பாதை போட்டு, குன்னூர் ரோட்டில் ஏத்தி, கோத்தகிரி ரோட்டில் இறக்குவாங்க. நம்ம பிளானைத் தலைகீழாப் படிச்சுக்க வேண்டியதுதான்!

கிளம்பும் முன்... ஒரு நிமிஷம் பாஸ்!

* சொந்த வண்டின்னா இ-பாஸ் கட்டாயம். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து வந்தது. 2025 ஏப்ரலில் சீசன் நாட்களுக்கு உச்சவரம்பே போட்டாங்க: வார நாட்கள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கிளம்பறதுக்கு முன்னாடி அன்றைய விதியைப் பார்த்துடுங்க. கவர்மென்ட் பஸ்னா இந்தக் கவலை இல்லை.

* பைக்ல போறவங்க இறங்கும்போது நியூட்ரல் போடாதீங்க. ஏறின கியரிலேயே இறங்குங்க. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா, சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காமலே போகும். மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க, டயகிராம் போட்டே விளக்குவாங்க. ஏறி வர்ற வண்டிக்கு எப்பவும் வழி விடுங்க.

* பிளாஸ்டிக் பாட்டில், கவருக்கு மாவட்டத்துல தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க.

* கண்ணாடி பாட்டில் பார்ட்டிகளுக்கு: உடைச்சுப் போட்ட பாட்டில் யானையோட பாதத்தைக் கிழிக்கும். மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபாய்ங்கிற திட்டத்தை ஐகோர்ட் சொல்லி 2022-ல் முதல்ல ஆரம்பிச்சதே நீலகிரியிலதான். ஏன்னு இப்போ புரியுதா?

* இருட்டினதும் தேயிலைத் தோட்டத்துல நடக்காதீங்க. அரவேணு, கோத்தகிரி பக்கம் கரடியும் காட்டெருமையும் சகஜம். காட்டெருமை சாதுவா மேயுதேன்னு கிட்டப் போகாதீங்க. ஒரு டன் வரை எடை!

* தேயிலைக்குள்ள போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி, பறிக்கிற அக்காக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அது அவங்க ஆபீஸ். நம்ம லேப்ல தெரியாத ஆள் நுழைஞ்சு கேமராவை நீட்டினா நமக்கு எப்படி இருக்கும்?

அந்தமான் எங்கேயும் போயிடாது. வேலை கிடைச்சு, முதல் சம்பளம் வாங்கிப் போய்க்கலாம். இந்த லீவுக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, கண்டக்டர் அண்ணன்கிட்ட தெளிவா சொல்லுங்க: "அரவேணு ஒண்ணு!" டீ கிளாஸைக் கையில எடுக்கும்போது, அதுக்குள்ள யாரோட செமஸ்டர் ஃபீஸ் இருக்கோன்னு ஒரு செகண்ட் யோசிச்சுட்டுக் குடிங்க. சூடு ஆறிடப் போகுது!